"இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்!" - படகோனியாவின் கதை

2011 நவம்பர் 25. அமெரிக்காவில் அன்று "கருப்பு வெள்ளி". நம் ஊர் ஆடித் தள்ளுபடியைப் போலப் பத்து மடங்கு கூட்டம் கடைகளில் அலைமோதும் நாள். அன்றைய நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. நடுவில் ஒரு ஜாக்கெட்டின் படம், அதற்கு மேலே பெரிய எழுத்தில் "இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்" என்ற வாசகம். போட்டி நிறுவனம் யாரும் கொடுத்த விளம்பரம் அல்ல அது. அந்த ஜாக்கெட்டைத் தயாரித்த படகோனியா நிறுவனமே காசு கொடுத்துப் போட்டது!

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் இந்த வேலையை ஒரு நிறுவனம் ஏன் செய்தது? பதில் தேட 54 வருடங்கள் பின்னால் போக வேண்டும்.

இரும்பு முளையில் தொடங்கிய கதை

யுவான் ஷுனார்ட் துணி வியாபாரி அல்ல, மலையேறுபவர். 1957ல் பழைய இரும்புக் கடையில் ஒரு கொல்லன் உலையை வாங்கி, தானே இரும்படிக்கக் கற்றுக்கொண்டார். மலையேறும்போது பாறை இடுக்கில் அடித்துக் கயிறு மாட்டும் "பிட்டான்" என்ற முளைகளைச் செய்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த முளைகள் மென்மையான இரும்பு. ஒருமுறை அடித்தால் அப்படியே பாறையில் விட்டுவிட வேண்டியதுதான். ஷுனார்டின் எஃகு முளையைப் பிடுங்கி மறுபடி பயன்படுத்தலாம். காரின் பின்புறம் வைத்து, ஒன்று ஒன்றரை டாலருக்கு விற்றார். 1970 வாக்கில் அமெரிக்காவில் மலையேற்றக் கருவிகளை அதிகம் விற்றது அவரது நிறுவனம்தான்.

இங்கேதான் முதல் சிக்கல். மறுபடி மறுபடி அடித்துப் பிடுங்கியதால் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் பாறை வெடிப்புகள் சிதைந்து போயின. ஷுனார்ட் எந்த மலையை நேசித்தாரோ, அந்த மலையை அவரது சரக்கே தின்றுகொண்டிருந்தது! வியாபாரத்தில் சுமார் 70 சதவீதம் அந்த முளைகள்தான். ஆனாலும் முளை வியாபாரத்தைக் கைவிடுவது என்று அவரும் கூட்டாளி டாம் ஃப்ராஸ்டும் முடிவெடுத்தார்கள். 1972ல் வந்த விலைப்பட்டியலில், சுத்தியல் இல்லாமல் கையாலேயே செருகி எடுக்கும் அலுமினிய ஆப்புகளை அறிமுகம் செய்தார்கள். பாறையைக் காயப்படுத்தாமல் ஏறுவது எப்படி என்று நீண்ட கட்டுரையும் அதில் இருந்தது. சில மாதங்களிலேயே முளை விற்பனை சரிந்து, ஆப்பு விற்பனை ஏறியது.

அடுத்த வருடம், 1973ல், துணிகளுக்காகத் தனியாகத் தொடங்கியதுதான் படகோனியா. தென் அமெரிக்காவின் தென்கோடிப் பகுதியின் பெயர் அது. 1985 முதல் விற்பனையில் ஒரு சதவீதத்தைச் சுற்றுச்சூழல் பணிகளுக்குக் கொடுத்து வருகிறது. லாபத்தில் அல்ல, விற்பனையில்! நஷ்டம் வந்தாலும் கொடுத்தாக வேண்டும். 1991ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது, ஒரே நாளில் 120 பேரை, அதாவது ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை, வேலையை விட்டு அனுப்பியதும் இதே நிறுவனம்தான்.

தலைவலி சொல்லிக் கொடுத்த பாடம்

1988ல் பாஸ்டன் நகரில் படகோனியா ஒரு கடை திறந்தது. சில நாட்களிலேயே ஊழியர்களுக்குத் தலைவலி. காற்றோட்டம் சரியில்லை என்று தெரிந்தது. அதைச் சரிசெய்துவிட்டு விஷயத்தை அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று ஆராய்ந்து பார்த்ததில் வந்த விடை: ஃபார்மால்டிஹைடு! கீழ்த்தளத்தில் அடுக்கி வைத்த பருத்தித் துணிகளிலிருந்து வந்தது. துணி சுருங்காமல், கசங்காமல் இருக்கப் போடும் ரசாயனம் அது.

பருத்தி என்றால் இயற்கை, பாலியஸ்டர் என்றால் செயற்கை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் நிறுவனம் தான் பயன்படுத்தும் நூலிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, பூச்சிமருந்து தெளித்து விளையும் பருத்தியும் மோசமான பட்டியலில் இருந்தது. ஊழியர்களைப் பேருந்தில் ஏற்றி, கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்குப் பருத்தி வயல்களை நேரில் பார்க்க வைத்தார்கள். 1994ல் முடிவு எடுக்கப்பட்டது: 1996க்குள் எல்லாப் பருத்தியும் இயற்கை விவசாயப் பருத்தி. சொல்வது எளிது! அவ்வளவு இயற்கைப் பருத்தி அப்போது சந்தையில் இல்லை. விளைவிக்கும் சில விவசாயிகளைத் தேடிப் பிடித்து, மற்ற பஞ்சோடு கலந்துவிடாமல் அரவை இயந்திரங்களைச் சுத்தம் செய்யச் சொல்லி, நூற்பாலைகளைச் சம்மதிக்க வைத்து... கடைசியில் பருத்தி ஆடைகளின் வகைகளைக் குறைத்து, 1996ல் சொன்னதைச் செய்து முடித்தார்கள்.

சறுக்கல்கள்

இத்தனை நல்ல பெயர் இருந்தும் குறைகள் இல்லாமல் இல்லை. 2011ல் நடந்த உள் தணிக்கையில் ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது. தைவானில் துணி நெய்து கொடுத்த ஆலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அந்த வேலை கிடைப்பதற்காகத் தரகர்களுக்கு அவர்களில் சிலர் 7000 டாலர் வரை கொடுத்திருந்தார்கள். அந்தக் கடனை அடைக்கவே வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். தைக்கும் தொழிற்சாலையை மட்டும் பார்த்துவிட்டு, அதற்குத் துணி கொடுக்கும் ஆலையைப் பார்க்காமல் விட்டதன் விளைவு இது. தொழிலாளரிடம் தரகுக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற புதிய விதியை 2014ல் நிறுவனம் வெளியிட்டது.

இன்னொன்று. பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி 1993ல் கம்பளி போன்ற ஜாக்கெட் செய்து பாராட்டு வாங்கியது படகோனியா. ஆனால் இத்தகைய ஜாக்கெட்டுகளைத் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் கலக்கின்றன என்று 2016ல் சாண்டா பார்பரா பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வுக்கு உதவியதே படகோனியாதான்!

விளம்பரம் என்ன ஆனது?

மறுபடி அந்த விளம்பரத்துக்கு வருவோம். ஒரு ஜாக்கெட் செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, சுமார் ஒன்பது கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். இது அறுபது சதவீதம் மறுசுழற்சி பாலியஸ்டரில் செய்த ஜாக்கெட்டின் கணக்கு! தேவையில்லாததை வாங்காதீர்கள், கிழிந்தால் தைத்துப் போடுங்கள் என்பதுதான் செய்தி. ஆனால் நடந்தது என்ன? அடுத்த வருடம் விற்பனை குறையவில்லை, கூடியது. வாங்காதே என்று சொன்னவரை நம்பி, அவரிடமே வாங்கினார்கள் மக்கள்.

2022 செப்டம்பரில் ஷுனார்ட் குடும்பம் நிறுவனத்தையே கைமாற்றியது. சுமார் 300 கோடி டாலர் மதிப்பு. வாக்குரிமை உள்ள 2 சதவீதப் பங்குகள் ஓர் அறக்கட்டளைக்கும், மீதி 98 சதவீதம் சுற்றுச்சூழலுக்காகச் செலவிடும் அமைப்புக்கும் போயின. தொழிலை நடத்தியது போக மிஞ்சும் லாபம் இனி இயற்கைக்கு.

ஆனால் லாபம் வர வேண்டும் என்றால் ஜாக்கெட் விற்க வேண்டும். ஜாக்கெட் விற்றால் அந்த 135 லிட்டர் தண்ணீரும் செலவாகத்தான் செய்யும். முளையை விட்டுவிட ஆப்பு கிடைத்தது. துணிக்கு அப்படி ஒரு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் இந்த நிறுவனம் நடத்தும் பழுதுபார்க்கும் கூடத்தில் பழைய ஜாக்கெட்டுகளுக்கு ஒட்டுப்போட்டுத் தருகிறார்கள். அந்தக் கேள்விக்கு அருகில் வரும் பதில் ஒருவேளை அந்த ஊசியும் நூலும்தானோ என்னவோ!