வெள்ளை நாயின் செவி

மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள இராசபாளையம் தன் பெயரையே ஒரு நாய்க்கு வழங்கியிருக்கிறது. பால் வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பன்றி வேட்டைக்கேற்ற உடற்கட்டு. பாளையக்காரர்களோடு இது போர்க்களம் புகுந்தது என்பர். கதை இனிது, சான்றுதான் மெலிது.

இந்நாயின் மெய்வரலாறு அதன் நிறத்தில் இருக்கிறது. கறையில்லாத வெள்ளைக் குட்டியையே மக்கள் விரும்பினர். புள்ளி விழுந்ததற்கு மதிப்பில்லை. ஆகவே வெள்ளையை வெள்ளையோடு, பலவேளை நெருங்கிய உறவுக்குள்ளேயே, இணைத்தனர். நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவிக்கும் வேண்டும். அவை அங்குச் சென்று சேராவிடில், பிறந்த சில வாரங்களிலேயே குட்டி செவிடாகிவிடும். ஐரோப்பாவின் புள்ளி நாயாகிய டால்மேஷனுக்கும் இக்குறை உண்டு. செவிட்டுக் குட்டியோ உடன்பிறந்தவை எழக் கண்டு தானும் எழும், வாங்குவோர் அறியார். தனியே உறங்கும்போது பின்னின்று கைதட்டிப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும்.

நாட்டு நாய்களைக் காக்கவென்று தமிழக அரசு 1980-81இல் சென்னைச் சைதாப்பேட்டையில் இனப்பெருக்கப் பண்ணை ஒன்றை அமைத்தது. 2005இல் இராசபாளையம் நாய் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. 2016இல் அப்பண்ணையை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் பணித்தது.

மறு ஆண்டு நடுவண் அரசு விதிகள் வகுத்தது: 18 மாதம் நிறையாத பெட்டையை இணைக்கலாகாது, ஆண்டுக்கு ஓர் ஈற்றே, 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. பெட்டை பொதுவாக ஆண்டில் இருமுறை பருவமடையும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். இரு பருவத்திலும் ஈன்றால் அதன் உடல் தேற இடமேது?

செவிட்டு நாயை இணைசேர்க்காது விலக்கி, புள்ளியுள்ள, ஆனால் செவி நன்கு கேட்கும் உடன்பிறப்பைத் தேர்ந்தால், அடுத்த ஈற்றில் செவிட்டுக் குட்டிகள் குறையக்கூடும். வாங்குவோர் முதலில் வினவுவதோ இன்றும் நிறத்தைத்தான்.