மைசூர்ச் சிறையில் மேக்பெத்

மேக்பெத் மைசூர் மண்ணுக்குப் புதியதன்று. பத்தாம் சாமராஜேந்திர உடையாரின் ஆட்சியில், 1880களில், அரண்மனை ஆதரவுடன் நாடக சபை உருவானது. சமஸ்கிருத நாடகங்களோடு ஷேக்ஸ்பியரும் கன்னடத்திற்கு வரலானார். 1890களில் எம்.எல். ஸ்ரீகண்டேச கௌடர் மேக்பெத்தைப் 'பிரதாபருத்ரதேவ' என்ற பெயரில் கன்னட நாடகமாக்கினார். அரசனைக் கொன்று அரியணை ஏறியவனின் கதை, அரசர் ஆதரித்த அரங்க மரபிலேயே வேரூன்றியது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அக்கதை அதே நகரின் மத்தியச் சிறையைச் சென்றடைந்தது. இடையில் நின்ற பாலம் ரங்காயணம். 1989இல் பி.வி. காரந்த் தலைமையில் மைசூரில் தோன்றிய இந்த அரசு நாடக நிறுவனத்தின் மூத்த நடிகர் ஹுலுகப்பா கட்டிமனி, 1990களின் இறுதியில் பல்லாரிச் சிறையில் கைதிகளைக் கொண்டு நாடகம் பயிற்றத் தொடங்கினார். 'சங்கல்ப' என்னும் அமைப்பாக வளர்ந்த அம்முயற்சி மைசூர்ச் சிறைக்கும் வந்தது. கிரீஷ் கார்நாடின் 'தலெதண்ட', மேக்பெத்தைத் தழுவி எச்.எஸ். சிவப்பிரகாஷ் எழுதிய 'மாரநாயகன திருஷ்டாந்த' போன்ற நாடகங்களில் கைதிகள் நடித்தனர். காவலர் துணையுடன் வெளி அரங்குகளுக்கும் சென்று பொதுமக்கள் முன் நடித்தனர்.

இதன் புதுமையை உணரச் சிறைச் சட்டத்தின் வரலாற்றை நினைவுகொள்ள வேண்டும். 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் அக்கறையெல்லாம் காவல், ஒழுங்கு, உழைப்பு என்பவற்றிலேயே இருந்தது. தண்டனையின் நோக்கம் மனிதனைச் சீர்ப்படுத்துவதே என்ற கருத்தை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977ஆம் ஆண்டின் கியாசுதீன் வழக்குத் தீர்ப்பில் வலியுறுத்தினார். 1980 முதல் 1983 வரை இயங்கிய முல்லா குழு அதனை விரிவான பரிந்துரைகளாக்கியது. ஆயினும் நடைமுறையில் சீர்திருத்தம் என்பது பெரும்பாலும் தறி, தச்சு, தையல் என்ற அளவிலேயே நின்றது. கைக்குத் தொழில் கிடைத்தது. நாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

குற்றப்பத்திரிகையிலும் தீர்ப்பிலும் ஒருவனுடைய செயல் படர்க்கையிலேயே எழுதப்படுகிறது. அவன் தன்மையில் பேச இடமுள்ளவை இரண்டு: மறுப்பு, ஒப்புதல். இரண்டும் வழக்கின் தராசில் நிறுக்கப்படும். மேடை மூன்றாவது இடமொன்றைத் திறக்கிறது. மாரநாயகனாக வேடமேற்பவன் கொலையையும் அதன்பின் வரும் உறக்கமின்மையையும் 'நான்' என்றே பேசுகிறான். அச்சொல் அவனுடையதன்று; ஆகவே அது அவனுக்கு எதிரான சாட்சியமாகாது. குரலோ அவனுடையது, ஆகவே அது முற்றிலும் அயலானதும் அன்று. கொல்லப்பட்டவனாக, அவன் உறவினராக நடிப்பவர்களும் பிறர் துயரைத் தன்மையில் சொல்லியே ஆகவேண்டும். தறியும் தச்சும் தர இயலாத பயிற்சி இது.

1957இல் அமெரிக்காவின் சான் குவென்டின் சிறையில் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை வெளியிலிருந்து வந்த நடிகர்கள் நிகழ்த்தினர். கைதிகள் பார்வையாளராய் அமர்ந்திருந்தனர். மைசூரில் இந்த இருப்பு தலைகீழானது. கைதி மேடையில் நின்றான். குடிமக்கள் கீழே அமர்ந்து கேட்டனர்.

இதனை மிகைப்படுத்தவும் கூடாது. கைதட்டல் இறந்தவரை மீட்பதில்லை. விடுதலையானவனுக்கு வேலையும் வீடும் தருவதில்லை. மேலும், நாடகத்திற்கு நீண்ட ஒத்திகை வேண்டும். எனவே அது நெடுந்தண்டனை பெற்றோருக்கே எளிதில் வாய்க்கிறது. நாளை பிணையா, சிறையா என்று அறியாத விசாரணைக் கைதிக்கு வேடம் ஒதுக்குவது கடினம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். சட்டம் இன்னும் குற்றவாளி என்று கூறாத அவர்களுக்கே சீர்திருத்தத்தின் பங்கு மிகக் குறைவாகச் சென்று சேர்கிறது. சிறையரங்கின் அடுத்த கேள்வி அவர்களைப் பற்றியதாகவே இருக்க வேண்டும்.