குப்புறப் படுத்த அரை நூற்றாண்டு

"பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்க" என்று மிட்வைஃப் மிஸ் சொன்னால் நம் வீட்டு மூத்தம்மாமார் சிரிப்பார்கள். வேறு எப்படிப் படுக்க வைப்பதாம்? ஏணைக்குள் போட்ட பிள்ளை மல்லாந்துதானே கிடக்கும். நமக்குச் சாதாரணமான இந்த விடயத்தை மேற்கு நாடுகள் மறந்து, திரும்பவும் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு எடுத்தது. அதற்குக் கொடுத்த விலை பல்லாயிரம் குழந்தைகள். நமது பாடப்புத்தகங்களில் இந்த வரலாறு வராது. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

அமெரிக்காவில் டொக்டர் பெஞ்சமின் ஸ்பொக் என்பவர் 1946இல் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது கோடிக்கணக்கில் விற்றது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில், குழந்தையைக் குப்புறப் படுக்கப் பழக்குவது நல்லது என்றார். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. மல்லாந்து கிடக்கும் பிள்ளை வாந்தி எடுத்தால் மூச்சடைக்கலாம். ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக் கிடந்து தலை தட்டையாகலாம். கேட்டால் யாருக்கும் சரியென்றுதான் படும். வகுப்பில் பிள்ளைகள் "ஏன் சேர்?" என்று கேட்டால் நாமும் பொருத்தமான காரணம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். "அதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா?" என்று அடுத்த கேள்வி கேட்கிற பிள்ளை அபூர்வம். ஸ்பொக்கின் வாசகர்களும் கேட்கவில்லை.

உண்மையில் உடலின் அமைப்பு மறுபக்கமாக இருக்கிறது. குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போகமுடியும். குப்புறக் கிடந்தால் உணவுக்குழாய் மேலே வந்துவிடும்.

இன்னொரு பக்கத்தால் வைத்தியசாலைகளும் சேர்ந்துகொண்டன. குறைமாதத்தில் பிறந்து மூச்சுவிடச் சிரமப்படும் பிள்ளைகளைக் குப்புறக் கிடத்தினால் சுவாசம் இலகுவாகிறது என்று கண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு, இரவும் பகலும் தாதியர் கண்காணிக்கும் இடத்தில், அது சரியாக இருந்தது. ஆனால் அதே பழக்கம் சுகதேகியான பிள்ளைகளுக்கும் பரவி, 1970களில் ஐரோப்பா முழுக்க வீட்டுத் தொட்டில்கள் வரை போய்விட்டது.

காலையில் தாய் எழும்பிப் பார்த்தால் பிள்ளைக்கு மூச்சில்லை. காய்ச்சல் இல்லை, நோய் இல்லை, பிரேத பரிசோதனையிலும் காரணம் தெரியாது. இதைத் 'தொட்டில் மரணம்' என்றார்கள். எத்தனையோ தாய்மார் பிள்ளையை இழந்த துக்கத்தோடு அயலவர்களின் சந்தேகப் பார்வையையும் சுமந்தார்கள். அவர்கள் செய்ததெல்லாம் டொக்டர் சொன்னதை அப்படியே கேட்டது மட்டும்தான்.

தடயங்கள் இல்லாமலில்லை. 1944இலேயே நியூயோர்க்கில் ஹரல்ட் ஏப்ரம்சன் என்ற வைத்தியர், மூச்சடைத்து இறந்ததாகப் பதியப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானோர் குப்புறக் கிடந்தே காணப்பட்டதை எழுதினார். 1985இல் பேராசிரியர் டேவிஸ், ஹொங்கொங்கில் தொட்டில் மரணம் மிக அரிதாக இருப்பதைக் கவனித்தார். அங்கே சனநெரிசல் மிகுந்த சின்னச் சின்ன வீடுகள். ஆனால் சீனத் தாய்மார் பிள்ளைகளை வழமையாக மல்லாக்கவே கிடத்தினார்கள். நம் மூத்தம்மாமாரைப் போலத்தான்!

பிறகு இங்கிலாந்தின் பிறிஸ்டல் பகுதியில் பீட்டர் ஃபிளெமிங் குழுவும் நியூசிலாந்தில் எட் மிட்செல் குழுவும் இறந்த குழந்தைகளையும் உயிரோடிருக்கும் குழந்தைகளையும் ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே விடை. 1991 ஜூலையில் பிரித்தானியத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்டின் மகன் செபஸ்டியன் தொட்டிலில் இறந்தான். அந்தத் தாய் நியூசிலாந்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்து, அரசை விடாமல் நச்சரித்தார். அதே டிசம்பரில் பிரித்தானியாவில் பிரசாரம் தொடங்கியது. அதற்கு அவர்கள் வாங்கிய புது மருந்தோ கருவியோ எதுவுமில்லை. பிள்ளையைத் திருப்பிப் போடுங்கள் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். ஓரிரு வருடங்களில் தொட்டில் மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. அமெரிக்கா 1994இல் இதே பிரசாரத்தைத் தொடங்கியது, அங்கும் பத்தாண்டுக்குள் பாதிக்கு மேல் குறைந்தது.

2005இல் வந்த ஓர் ஆய்வுதான் நெஞ்சை உலுக்குவது. பிறிஸ்டல் ஆய்வில் பங்கெடுத்த ரூத் கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். 1970 வரையான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலே குப்புறப் படுப்பதன் ஆபத்து தெளிவாகத் தெரிந்திருக்கும் என்றார்கள். அப்போதே யாராவது கூட்டிப் பார்த்திருந்தால் பிரித்தானியாவில் 10,000க்கு மேலும், ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் தப்பியிருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. இருபது வருடம் அந்தத் தாள்கள் நூலகங்களில் தனித்தனியாகக் கிடந்தன.

மூத்தம்மாமார் செய்ததெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. ஏணைச் சீலை வளைந்து தொங்குவதால் சின்னப் பிள்ளையின் நாடி நெஞ்சோடு மடங்கி மூச்சுப்பாதை ஒடுங்கலாம். அதனால் இன்றைய வைத்தியர்கள் சொல்வது தட்டையான, இறுக்கமான மெத்தை. ஒரு வயது வரைக்கும் தலையணை வேண்டாம், முகத்தருகே துணிக்குவியல் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். பிள்ளை உம்மாவின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் கிடக்கட்டும். தாய்ப்பால் ஆபத்தைக் குறைக்கிறது, சிகரெட் புகை கூட்டுகிறது. வாப்பாமார் இதைக் கொஞ்சம் கவனிக்க. தலை தட்டையாகும் என்ற ஸ்பொக்கின் பயத்துக்கும் வழி இருக்கிறது: பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில், நாம் பக்கத்தில் இருந்துகொண்டு, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடலாம். நித்திரை கொண்டதும் மல்லாக்க.