யோக்கஹாமாவிலிருந்து அம்பாந்தோட்டை வரை

இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த மாருதிகளையும் செல்வந்தர் வீடுகளை அலங்கரிக்கும் சில ஐரோப்பிய வண்டிகளையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இலங்கையின் வீதிகளில் ஓடும் மோட்டார் கார்களுள், ஜப்பானில் ஓர் எசமானரிடம் சில வருஷம் சேவகம் செய்துவிட்டுக் கப்பலேறி வந்தவை எவை என்று தேடுவதைவிட, அவ்வாறு வராதவை எவை என்று தேடுவதே எளிது. ‘ரீகண்டிஷன்’ என்று நாட்டின் சகல சமூகத்தாரும் ஒருவாய்ப்பட அழைக்கும் இவ்வண்டிகளின் வர்த்தகம் அரை நூற்றாண்டை நெருங்கிவிட்டது. அதன் சரித்திரத்தில் வரிகளுக்கும் வர்த்தமானி அறிவித்தல்களுக்கும் பெரிய இடம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை; ஆயினும் என் மனத்துக்கு அதன் மையப்பொருளாகத் தோன்றுவது ஒரு காகிதம். ஜப்பானிய ஏலக் கூடத்தில் வண்டியின் குணதோஷங்களை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்த அந்த ஒற்றைத் தாள், வண்டியோடு புறப்பட்டும் வாங்குபவன் கைக்கு வந்து சேராமற் போனதே இவ்வர்த்தகத்தின் உண்மையான கதை.

சுதந்திரம் பெற்ற காலத்து இலங்கையில் கார் என்றால் பெரும்பாலும் பிரித்தானியக் கார்தான். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40-உம் ஹில்மனும் வைத்தியர்களுக்கும் பிரக்கிராசிமாருக்கும் தோட்டத்துரைமாருக்கும் உரியவையாயிருந்தன. இடையிடையே ஒரு பெஜோ 203 அல்லது ஒரு வோக்ஸ்வாகன் தென்படும். 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியபோது கார் இறக்குமதிக்குக் கதவு சார்த்தப்பட்டது. 1970-இல் மீண்டும் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் ஆட்சியில் அக்கதவு தாழிடவும் பட்டது. உபாலி விஜேவர்தன உள்நாட்டில் ஃபியட், மஸ்தா வண்டிகளைப் பொருத்தி விற்றது ஒரு துணிகரமான முயற்சியென்றாலும், தேசத்தின் தேவைக்கு அது போதவில்லை. ஆகையால் இருந்த வண்டிகளையே சாகவிடாமல் காக்கும் மெக்கானிக் பரம்பரை ஒன்று ஊருக்கு ஊர் தோன்றிற்று. கிடைக்காத உதிரிப்பாகத்தை லேத்தில் கடைந்து எடுப்பதில் அவர்கள் காட்டிய சாமர்த்தியம் தனி அத்தியாயமாக எழுதத்தக்கது.

அதே காலத்தில் ஜப்பான் தேசத்தில் இதற்கு நேர்மாறான சங்கடம் உருவாகிக்கொண்டிருந்தது. 1966-ஆம் வருஷத்தில் சில மாத இடைவெளியில் நிஸான் சன்னியும் டொயோட்டா கொரோலாவும் வெளிவந்து, சாதாரண உத்தியோகஸ்தனின் வீட்டு வாசலிலும் கார் நிற்கும் காலத்தைத் தொடக்கிவைத்தன. புதிய வண்டிகள் பெருகப் பெருக, பழைய வண்டிகளை என் செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்குமுன், 1951-இலேயே இயற்றப்பட்ட வீதிப் போக்குவரத்து வாகனச் சட்டம் ‘ஷாக்கென்’ என்னும் கட்டாயப் பரிசோதனையை விதித்திருந்தது. 1983 முதல் புதிய சொந்தக் காருக்கு மூன்றாம் வருஷ முடிவில் முதற் பரிசோதனை. பின்னர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பத்து வயது கடந்ததற்கு வருஷந்தோறும் என்றிருந்த விதி 1995-இல்தான் நீக்கப்பட்டது. பரிசோதனைச் செலவோடு எடைக்கான வரியும் கட்டாயக் காப்புறுதியும் ஒரே சமயத்தில் வந்து விழுவதால், அந்தத் தவணை நெருங்கும்போது பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவதே லாபம் என்று ஜப்பானியக் குடும்பஸ்தன் கணக்கிடுகிறான். மூன்று வருஷத்துக்கு மேல் ஜப்பானில் கார் ஓட்ட அரசாங்கம் விடாது என்று நம் ஊர் விற்பனைக்கூடங்களில் பக்தியோடு சொல்லப்படும் செய்தி சுத்தக் கற்பனை. அங்கே இருபது வயது வண்டியும் ஓடலாம், செலவைத் தாங்க மனமிருந்தால். 2005-இல் அமலுக்கு வந்த வாகன மீள்சுழற்சிச் சட்டத்தின்கீழ் உரிமையாளர் முன்கூட்டியே கட்டும் தொகை, வண்டி ஏற்றுமதியானால் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. துறைமுகத்தை நோக்கித் தள்ளுவதற்கு இது இன்னொரு கை.

இவ்வாறு வெளிப்படும் வண்டிகள் பெரும்பாலும் வியாபாரிகளின் ஏலத்துக்குச் செல்கின்றன. 1980-இல் ஐச்சி மாகாணத்தில் தோன்றிய யூ.எஸ்.எஸ். நிறுவனம் இத்துறையில் முதலிடம் பெற்றது. 1985-இல் ஆக்நெட், ஏலக் கூடத்துக்குச் செல்லாமலே திரையில் படம் பார்த்து விலை கேட்கும் முறையைத் தொடங்கிவைத்தது. டோக்கியோவுக்கு அருகே நோடாவிலுள்ள யூ.எஸ்.எஸ். கூடத்தில் வியாழக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கான கார்கள் விலைபோகின்றன. ஒரு காரின் தலைவிதி அரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். அவ்வளவு விரைவில், வண்டியைத் தொட்டும் பாராமல், லட்சக்கணக்கான யென் கொடுத்து ஒருவன் வாங்கத் துணிகிறான் என்றால், அவனுக்கு ஆதாரம் அந்தத் தாள்தான். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் சேராத, ஏலக் கூடத்தின் பரிசோதகர் வண்டியைச் சுற்றி வந்து, அடியிற் குனிந்து பார்த்து, மதிப்பெண் இடுகிறார். 4.5, 4 என்பன நல்ல நிலை, 3.5, 3 என்றால் உழைத்துத் தேய்ந்தது. எண்ணுக்குப் பதிலாக ‘ஆர்’ என்ற எழுத்து நின்றால், விபத்தில் எலும்புக்கூடு அடிபட்டுத் திருத்தப்பட்டது என்று பொருள். உள்ளறையின் தூய்மைக்குத் தனி எழுத்து. தாளின் மூலையில் வண்டியின் விரித்த சித்திரம் ஒன்று இருக்கும். அதன்மேல் கீறலுக்கு ‘ஏ’, நெளிவுக்கு ‘யு’, முன்பு திருத்திய தகட்டின் அலைக்கு ‘டபிள்யூ’, துருவுக்கு ‘எஸ்’, மாற்றிப் பூட்டிய பாகத்துக்கு இரட்டை ‘எக்ஸ்’ என்று குறித்து, பக்கத்தில் அளவைக் காட்ட 1, 2, 3 என்று எண்ணும் போடுவார்கள். மீற்றர் சந்தேகத்துக்குரியதானால் அதற்கும் அடையாளம் உண்டு. பரிசோதகரின் தர்மபுத்தியை மட்டும் நம்பி நடக்கும் காரியமல்ல இது. தாளில் சொல்லப்படாத பெருங்குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவன் குறித்த நாட்களுக்குள் முறையிட்டு நஷ்டத்தைத் திரும்பப் பெறலாம் என்ற ஏற்பாடே அத்தாளை மெய்பேச வைக்கிறது. மோட்டார் வர்த்தகத்தில் இதற்கு நிகரான நேர்மைச் சாதனம் வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு பரவலாக வழங்கியதாக நான் அறியேன்.

1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம், நிதியமைச்சர் ரொனி டி மெல்லின் வரவுசெலவுத் திட்டத்தின் வாயிலாக, இறக்குமதிக் கதவைத் திறந்தது. பதினாறு, பதினேழு வருஷம் பசித்திருந்த தேசம். இடப்பக்கமாக வண்டி ஓட்டும், வலப்பக்கத்தில் சுக்கான் வைத்த ஜப்பான். இரண்டுக்கும் சம்பந்தம் கூடிற்று. சன்னி, கொரோலா, லான்சர் என்ற பெயர்கள் சிறுவர்களுக்கும் மனப்பாடமாயின. 1979-இல் தனியார் பஸ்கள் அனுமதிக்கப்பட்டபின் ஹையேஸ், டெலிக்கா, கரவன் வான்கள் கிராமத்துச் சந்திகள்வரை சென்று, மரக்கறி மூட்டையையும் மணமகள் வீட்டாரையும் ஒருங்கே ஏற்றின. அதே ஹையேஸ் பிற்காலத்தில், இலக்கத் தகடற்ற வெள்ளை வானாக, ஆட்களைக் கொண்டுபோய் மறைக்கும் பயங்கரத்துக்கும் அடையாளமாயிற்று என்பதை எழுதாமல் விட்டால் இச்சரித்திரம் பொய்யாகிவிடும்.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 1990-இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருளுக்குத் தடை விழுந்தபோது, தென்னிலங்கை கழித்துவிட்ட ஒஸ்ரினும் மொறிஸும் அங்கே மறுபிறவி எடுத்தன. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை உசுப்பிவிட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். புகை வீதியை மூடும். பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அவை மண்ணெண்ணெயைச் சகித்தன. புதிய ஜப்பானிய எஞ்சினுக்கு அந்த ஆகாரம் ஒத்துக்கொள்ளாது. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டதும், தெற்கில் கால் நூற்றாண்டாகப் பழகிப்போன ஜப்பானிய வண்டி குடாநாட்டுக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது. 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட, அந்த வரத்தும் தடைப்பட்டது.

இனித் தாளின் கதைக்கு வருவோம். ஜப்பானிய எழுத்தில் கையால் எழுதிய அக்காகிதம் கொழும்பை அடைந்தபோது, அதைப் படிக்கத் தெரிந்தவர் இறக்குமதியாளரும் அவருடைய ஜப்பான் தரகரும் மாத்திரமே. ‘ஆர்’ எழுத்து விழுந்த வண்டி அங்கே மலிவு. இங்கே வர்ணம் பூசி நிறுத்திவிட்டால் நல்ல வண்டியின் விலை. இந்த இடைவெளியில் சிலர் செல்வந்தராயினர். ஜப்பானில் ஒரு குடும்பக் கார் வருஷத்துக்குச் சுமார் பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடுவது வழக்கமாயிருக்க, ஏழு வயது வண்டியின் மீற்றர் 30,000 காட்டுவதை நம் மக்கள் ஜப்பானியரின் சிக்கன குணத்துக்கு அத்தாட்சியாகக் கொண்டார்கள். உருளை மீற்றரைக் கையால் திருப்பினார்கள். மின்னணு மீற்றர் வந்தபின் அதற்கும் கருவி வந்தது. 2004 முதல் ஜப்பானியப் பரிசோதனைச் சான்றிதழிலேயே மீற்றர் வாசிப்பு பதியப்பட்டபோதிலும், அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குவோர் இங்கே அரிது. வயதிலும் மயக்கம் உண்டு: அந்நாட்டுப் பத்திரங்கள் சக்கரவர்த்தியின் ஆட்சி வருஷத்தைச் சொல்லும், ஹெய்செய் 10 என்றால் 1998, ரெய்வா 2 என்றால் 2020. உள்நாட்டுப் பாவனைக்கான வண்டிகளின் சட்டக இலக்கத்தில் உற்பத்தி வருஷம் பொதிந்திராததால், முதற் பதிவு வருஷத்தையே உற்பத்தி வருஷமாகச் சொல்லி விற்பதும் எளிதாயிற்று.

அரசாங்கத்தின் தீர்வையோ மக்களின் ருசியையே மாற்றியமைத்தது. 2010-க்குப் பின் கலப்பு எஞ்சின் வண்டிகளுக்குச் சலுகை கிடைத்தபோது பிரியஸும் அக்குவாவும் வெள்ளமாக வந்தன. எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு வரி கணிக்கப்பட்டபோது, ஜப்பானியச் சட்டம் வரையறுத்த 660 சி.சி. குட்டிக் கார்களுக்கு யோகம் அடித்து, வேகன் ஆர் நடுத்தரக் குடும்பத்தின் கனவாயிற்று. 2012 முதல் வாகனக் கப்பல்கள் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டன. வந்த வண்டிகளின் வானொலி 76 முதல் 90 வரையிலான அலைவரிசையையே பிடிக்கும். கொழும்பின் நிலையங்களிற் பாதிக்குமேல் அதற்கு எட்டா. காலையில் சாவியைத் திருப்பியதும், சுங்கச் சாலை அட்டை செருகப்படவில்லை என்று ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் மரியாதையாக அறிவிக்கும். அதை வணக்கம் என்று எண்ணி மகிழ்ந்த சொந்தக்காரர்களும் உளர்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய வரலாறன்று. நியூசிலாந்திலும் மொம்பாசாவிலும், இடப்பக்கச் சுக்கான் வழங்கும் ருஷ்யாவின் விளாடிவொஸ்தொக்கிலும்கூட இதே வண்டிகள் இதே விதமாகச் சென்று இறங்கின. தமிழ்நாட்டு வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றலாம். பாரத அரசாங்கம் பழைய கார் இறக்குமதியைக் கடுந்தீர்வையாலும் நிபந்தனைகளாலும் ஏறக்குறைய இல்லாமற் செய்துவிட்டது.

2020 மார்ச்சில் செலாவணி நெருக்கடி மீண்டும் வந்தது. இறக்குமதி அடியோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் நிகழ்ந்தது, பழைய காலத்தை அறிந்தவர்களுக்குப் புதுமையன்று: ஐந்து வருஷம் ஓடித் தேய்ந்த கார், வாங்கிய விலையைக் காட்டிலும் அதிகத்துக்கு விற்றது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் தடை நீங்கியபோது, வயது வரம்பும் கனத்த வரியும் உடன் வந்தன. இப்பொழுது ஜப்பானிய வண்டி வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வண்டிக்கன்று, திறைசேரிக்கே போகிறது. ஆகவே வண்டியின் தரத்தில் ஏமாறுவது முன்னிலும் அதிக நஷ்டம்.

வாங்கப் போகிறவர், பழைய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லட்டும். பனிக்கு உப்புத் தூவும் ஹொக்கைடோ வீதிகளில் ஓடிய வண்டியா என்பதை அடித்தகட்டின் துரு காட்டிவிடும். கலப்பு எஞ்சின் வண்டியானால், பின்னாசனத்தருகே மின்கலத்துக்குக் காற்றுச் செல்லும் துவாரம் தூசியால் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும்; அடைபட்டால் மின்கலம் சூடேறி ஆயுள் குறையும், புதியது வாங்குவது பெருஞ்செலவு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சட்டக இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, வியாபாரிகள் ‘ஒக்ஷன் ஷீட்’ என்னும் அந்த ஏலத் தாளைக் கேட்டு வாங்கவேண்டும். காட்டப்படும் தாள் போலியா என்பதையும் அதே இலக்கத்தைக் கொண்டு இணையத்தில் சிறு கட்டணத்துக்குச் சரிபார்க்கும் வசதி இன்று உண்டு. தாளைத் தர மறுக்கும் விற்பனைக்கூடத்தில் முற்பணம் கட்டாதீர்கள்.