குறைமாதக் குடலும் முன்கூட்டியே போட்ட மருந்தும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு நோய் தெரியும் முன்பே ஆன்டிபயாடிக் போட்டுவிடும் வழக்கம் 1950களில் அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக இருந்தது. பனிக்குடம் உடைந்து ஒரு நாள் கடந்தும் பிரசவம் ஆகவில்லை என்றால் கிருமி உள்ளே ஏறியிருக்கும் என்ற அச்சம் நியாயமானதே. கிருமி தொற்றிய குறைமாதக் குழந்தை காய்ச்சல்கூடக் காட்டாமல் சில மணி நேரத்தில் இறந்துபோகும். மருந்து கையில் இருந்ததால் கொடுத்தார்கள். கொடுக்காமல் விட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் அரிதாக இருந்தது.

ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் ஆபத்து வெளியே வந்தது. நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மேனும் சகாக்களும் இரண்டு மருந்து முறைகளை எடைபோட்டு 1956இல் முடிவை வெளியிட்டனர். பென்சிலினோடு சல்ஃபா மருந்து பெற்ற குழந்தைகளே அதிகம் இறந்திருந்தன. மூளையில் மஞ்சள் படிந்திருந்தது. ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருந்த பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியைச் சல்ஃபா கழற்றிவிட்டிருந்தது என்பது பின்னர் விளங்கியது.

1959இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த அறிக்கை இன்னும் கொடியது. மருந்தே பெறாத குறைமாதக் குழந்தைகளில் இறந்தவை சுமார் 19 சதவீதம். குளோராம்பெனிகால் பெற்றவற்றில் 60 சதவீதம். மூன்றாம் நான்காம் நாளில் வயிறு உப்பும், குழந்தை பாலைக் கக்கும், தோல் சாம்பல் நிறமாகும், கைகால் துவளும். முதிராத கல்லீரலாலும் சிறுநீரகத்தாலும் மருந்தை வெளியேற்ற முடியாமல் அது ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போனதுதான் காரணம். காப்பாற்றக் கொடுத்த மருந்தே கொன்றது என்பதை அந்த எண்களிலிருந்து விலக்கிப் பார்க்க வழியில்லை.

குடலுக்கு நேரும் கேடு இத்தனை வெளிப்படையாகத் தெரியவில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் கிருமிகள் குடியேறுவதை தியோடர் எஷரிக் 1880களிலேயே மலத்தை ஆராய்ந்து விவரித்திருந்தார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் பிஃபிடோ பாக்டீரியாக்கள் நிறைந்திருப்பதை ஹென்றி டிசியே பாரிஸில் 1900 வாக்கில் காட்டினார். ஆனால் அந்த அறிவு வார்டுக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

இதற்கிடையே இன்குபேட்டரும் செயற்கைச் சுவாசமும் மேலும் சிறிய குழந்தைகளைப் பிழைக்க வைத்தன. அவர்களிடையே குடல் அழுகும் நோய், நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ், 1960களிலிருந்து அதிகம் பேசப்பட்டது. பால் செரிக்காமல் பச்சையாகத் திரும்பும். மலத்தில் ரத்தம் வரும். எக்ஸ்-ரே எடுத்தால் குடல் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழிகள் தெரியும். அந்தக் காற்று கிருமிகள் உண்டாக்கியது. 1970களில் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று பெருகவே, ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் பிறந்த அன்றே தொடங்கும் வழக்கம் உறுதிப்பட்டது. ரத்தக் கல்ச்சரில் கிருமி ஏதும் வளராத குழந்தைக்கும் அவை பல நாள் தொடர்ந்தன.

இந்தத் தொடர்ச்சியைக் கேள்விக்குள்ளாக்கிய பெரிய ஆய்வு 2009இல் வந்தது. மிகக் குறைந்த எடையில் பிறந்து, கல்ச்சரில் கிருமி காணாத 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை மைக்கேல் காட்டன் குழு அலசியது. முதல் மருந்துத் தொகுப்பு ஐந்து நாளோ அதற்கு மேலோ நீண்ட குழந்தைகளிடம் குடல் அழுகல் அல்லது மரணத்தின் வாய்ப்பு கூடியிருந்தது. நலிந்த குழந்தைக்குத்தான் மருந்து நீளும் என்பதால் இத்தகைய பதிவுகள் காரணத்தை நிறுவிவிடாது. முதல் சில நாள் மருந்து மட்டும் பெற்ற குழந்தைகளிடம் இந்த ஆபத்து கூடவில்லை என்று கண்ட ஆய்வுகளும் உண்டு. ஆகவே கவனிக்க வேண்டியது முதல் ஊசியைவிட அதன் நீட்சி.

கேடு நேரும் வழி ஓரளவு புலப்பட்டிருக்கிறது. அறுவைப் பிரசவமும் தாமதமாகத் தொடங்கும் பாலும் ஏற்கெனவே மெலிய வைத்த கிருமிக் கூட்டத்தை மருந்து மேலும் குறைக்கிறது. பிஃபிடோ வகைகள் பின்தங்க, மருந்துக்கு அடங்காத என்டரோபாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. அவற்றின் மேலுறைப் பொருளுக்கு முதிராத குடல் சுவர் மட்டுமீறிய அழற்சியோடு எதிர்வினை காட்டுவதை எலிகளிடம் கண்டிருக்கிறார்கள். செயின்ட் லூயிஸில் 84 குறைமாதக் குழந்தைகளின் 401 மல மாதிரிகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, எல்லா மருந்தும் ஒன்றல்ல என்றும் காட்டியது: மெரோபெனமும் செஃபோடாக்சிமும் கிருமி வகைகளைக் குறைத்தன, ஜென்டாமைசினின் விளைவு குழந்தைக்குக் குழந்தை மாறியது.

கல்ச்சரில் கிருமி வளராவிட்டால் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் மருந்தை நிறுத்தலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இல் வழிகாட்டியது. தாய்க்கு உயர் ரத்த அழுத்தம் போன்ற காரணத்தால், தொற்றின் சாயலோ பிரசவ வலியோ பனிக்குட உடைவோ இல்லாமல் சிசேரியனில் எடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைக்கு மருந்தைத் தொடங்காமலே கவனிக்கலாம் என்பதும் அதில் இடம்பெற்றது.