மிக்சர் பாக்கெட்டும் மூன்று மாத ஜெயிலும்

போன மாசம் வீரபாண்டிக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகன் அங்கே மிக்சர் போட்டு பாக்கெட் பண்ணி விற்கிறார். அன்னைக்கு அவர் கையில் ஒரு நோட்டீஸ். பாக்கெட்டின் சேர்மானப் பட்டியலில் நிலக்கடலை இருக்கு. ஆனா ஒவ்வாமைப் பொருள் என்று அதைத் தனி வரியாகச் சொல்லவில்லை. பெரியப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ஏங்கண்ணு, உள்ள வெச்சிருவாங்களா?"

சிரிச்சுட்டேன். ராத்திரி பழைய சட்டத்தைப் படிச்சப்போதான் அவர் பயம் எங்கிருந்து வந்ததுன்னு புரிஞ்சது.

சென்னை மாகாணத்தில் 1918லேயே கலப்படத் தடுப்புச் சட்டம் உண்டு. நாடு முழுமைக்குமான சட்டம் 1954ல் வந்து, 1955 ஜூனில் அமலானது. அதன்படி லேபிள் விதிப்படி இல்லை என்றாலே அந்தப் பண்டம் 'மிஸ்பிராண்டட்'. 1976 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குறைந்தபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறை. வெறும் லேபிள் குறை என்றால் நீதிபதி தனிக் காரணம் எழுதிக் குறைக்கலாம். ஆனா மூன்று மாதத்துக்குக் கீழே அவராலும் போக முடியாது. ஒரு வரி விட்டதுக்கு மூன்று மாதம்!

2006ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கு. இதன் 52ஆம் பிரிவில் லேபிள் தவறுக்குச் சிறை கிடையாது. 3 லட்சம் வரை அபராதம். தொகையை முடிவு செய்யும்போது, தெரியாமல் நடந்ததா, திரும்பத் திரும்ப நடக்கிறதா, எவ்வளவு லாபம் பார்த்தார் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கச் சொல்கிறது 49ஆம் பிரிவு. அண்ணனுக்கு வந்தது 32ஆம் பிரிவின் திருத்த நோட்டீஸ். சரிசெய்யக் குறைந்தது 14 நாள் தரணும். அதை அலட்சியம் பண்ணினால்தான் லைசென்ஸுக்கே ஆபத்து.

தப்பு எப்படி நடந்தது? ஒவ்வாமை வரியைத் தனியாகப் போடச் சொல்வது 2020 லேபிள் விதிமுறை. அண்ணனோ பழைய சிலிண்டரிலேயே பவுச் ரோல் அடிச்சிட்டிருந்தார். சாஃப்ட்வேர்ல இதைப் பழைய வெர்ஷனை ரிலீஸ் பண்றதுன்னு சொல்வோம். ஊரில் பனியனுக்குக் கேர் லேபிள் அடிக்கும் முன் பையரிடம் ஒப்புதல் வாங்காமல் யாரும் மெஷினை ஓட்ட மாட்டார்கள். மிக்சருக்கு அப்படிக் கேட்க ஒரு பையர் இல்லை.

இப்போ புது சிலிண்டருக்குச் சொல்லியாச்சு. அடிக்கும் முன் விதியோடு ஒப்பிட்டு, தேதி போட்டுக் கையெழுத்து வைக்க ஒரு நோட்டும் வாங்கியிருக்கார். உரிய கவனம் எடுத்தேன் என்று வாதாட 80ஆம் பிரிவில் இடமிருக்கு. அதுக்கு இந்த மாதிரி காகிதம்தான் கைகொடுக்கும். மீதிப் பழைய ரோலைப் பெரியப்பா எடைக்குப் போடச் சொல்றார். அண்ணனுக்கு இன்னும் மனசு வரலை.