யார் நிலம், யார் தீ: 1942 வங்காள மறுப்புக் கொள்கையும் போர்ச்சட்டத்தின் ஒரு விலக்கும்

பகைநாட்டுள் புகும் படை எரியூட்டுவதை 'எரிபரந்தெடுத்தல்' என்று தொல்காப்பியம் வஞ்சித்திணையில் வைக்கிறது. அது வெல்ல வந்தவனின் தீ. இன்றைய போர்ச்சட்டத்தைத் தடுமாற வைப்பது காக்க நிற்பவனின் தீ: பகைவனுக்குப் பயன்படக் கூடாதென்று தன் பக்கத்து விளைச்சலையும் பாலத்தையும் தானே அழிப்பது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, மக்கள் உயிர்வாழ இன்றியமையாதவற்றை அழிப்பதை 54ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஆனால் படையெடுப்பை எதிர்க்கும் நாடு, தன் கட்டுப்பாட்டிலுள்ள சொந்த ஆட்சிப்பகுதியில், தவிர்க்கவியலாத இராணுவத் தேவைக்காக அதைச் செய்யலாம் என்று ஒரு விலக்கும் தருகிறது. எரிப்பவரும் எரிந்த நிலத்தில் பசித்திருப்பவரும் ஒரே மக்கள் என்ற அனுமானமே இவ்விலக்கின் அடித்தளம். அது எவ்வளவு பலவீனமானது என்பதைப் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த வங்காளம் காட்டுகிறது.

1942 மார்ச்சில் பர்மாவின் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவின் மேற்குக் கரையில் ஜப்பானியர் கைப்பற்றிய சிறு படகுகளில் ஏறிப் பிரிட்டிஷ் அணிகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தனர். அதே தந்திரம் கங்கைக் கழிமுகத்திலும் நடக்கலாம் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. இதை ஒப்புக்கொள்ளாமல் பிரிட்டிஷ் முடிவை மதிப்பிடுவது நேர்மையாகாது. அவ்வச்சத்தில் கடலோர மாவட்டங்களில் 'மறுப்புக் கொள்கை' நடைமுறைக்கு வந்தது. உபரி அரிசி அகற்றப்பட்டது. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகள் பறிமுதலாயின, அல்லது உடைக்கப்பட்டன. பதிவான சுமார் 66,500 படகுகளில் ஏறத்தாழ 46,000 பயனற்றுப் போயின. ஆளுநர் ஜான் ஹெர்பர்ட் தம்மை மீறிச் செயல்படுவதாக மாகாணப் பிரதமர் ஃபஸ்லுல் ஹக் அவருக்கே எழுதி முறையிட்டார். காந்தி 'ஹரிஜன்' இதழில் இக்கொள்கையை எதிர்த்தார்.

சாலையை விட ஆறே வழியாக இருக்கும் நாட்டில் படகு மீனவனுக்குத் தொழில், குயவனுக்குச் சந்தை, ஆற்றிடைத் தீவில் பயிர் செய்பவனுக்கு வயல். உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். நாளுக்கு நாள் ஏறும் அரிசி விலைக்கு முன்னால் ஒருமுறை கைக்கு வந்த பணம் எத்தனை மாதம் நிற்கும்?

1943 வங்காளப் பஞ்சத்துக்குப் படகுப் பறிப்பே காரணம் என்று வாதிட முடியாது. பர்மா அரிசி நின்றது, போர்க்காலப் பணவீக்கம், 1942 அக்டோபரில் மேதினிப்பூரைத் தாக்கிய புயல், பதுக்கல், கல்கத்தாவுக்கு அளிக்கப்பட்ட முன்னுரிமை என்று காரணங்கள் பல. மறுப்புக் கொள்கையில் அகற்றிய அரிசியின் அளவும் மாகாணத்தின் மொத்த விளைச்சலோடு ஒப்பிட்டால் சிறிதுதான். 1945இல் பஞ்ச விசாரணைக் குழு இறப்பை 15 லட்சம் என்றது. அமர்த்திய சென்னின் கணக்கு அதைப்போல் இருமடங்கு. ஆனால் எத்தனை பேர் மடிந்தனர் என்பதும் யார் மடிந்தனர் என்பதும் தனித்தனிக் கேள்விகள். மிகக் கடுமையாக வறுமையில் வீழ்ந்தோரில் மீனவரும் போக்குவரத்துத் தொழிலாளரும் இருந்ததை சென் 1981இல் எடுத்துக்காட்டினார். பஞ்சத்தை உண்டாக்கியதில் படகுப் பறிப்பின் பங்கு சிறிதாக இருக்கலாம். பஞ்சம் யாரைத் தொடும் என்பதைத் தீர்மானித்ததில் அதன் பங்கு பெரிது. கழிமுகம் வழியே ஜப்பானியப் படை வரவேயில்லை.

வராத எதிரிக்காகச் செய்த அழிவைச் சட்டம் எப்படி எடைபோடும்? 1944இல் ஜெர்மானியத் தளபதி ரெண்டுலிக் வடநார்வேயின் ஃபின்மார்க்கைக் கொளுத்தச் செய்தார். அவர் அஞ்சிய அளவுக்குச் சோவியத் படை பின்தொடரவில்லை. 1948இல் நியூரம்பெர்க் தீர்ப்பாயம் அக்குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. அந்நேரத்தில் அவர் அறிந்திருந்தது என்ன என்பதே அளவுகோலானது. தளபதிக்கு இது நியாயமாக இருக்கலாம். ஆனால் படகுகளைப் பறித்த பின் மாதக்கணக்கில் அவகாசம் பெற்றிருந்த ஓர் ஆட்சிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

சொந்த அரசு என்பதே பாதுகாப்பாகிவிடாது என்பதற்குச் சீனாவே சான்று. 1938 ஜூனில் ஹுவாயுவான்கோவில் மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்த சீன அரசு, ஜப்பானியக் குண்டுவீச்சில்தான் உடைந்தது என்று அறிவித்தது. வெள்ளத்திலும் பின்வந்த பட்டினியிலும் லட்சக்கணக்கானோர் இறந்தனர். தன் மக்களிடம் ஒப்புக்கொள்ளத் துணியாத செயலை அவர்களது இசைவின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

ஆகவே 54ஆம் பிரிவின் விலக்கை நிலத்தின் உரிமையோடு நிறுத்தாமல், அழித்தவர் மேல் சுமையும் ஏற்றிப் படிக்க வேண்டும்: படகை எடுப்பவர் படகு கொண்டுவந்த சோற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும், ஆபத்து விலகியதும் படகைத் திருப்பித் தரவும் வேண்டும். நெறிமுறையின் வாசகத்தில் இந்த இரண்டு கடமைகளும் வெளிப்படையாக இல்லை.